டோனாவுக்குக் கிடைக்காத நாலு வருஷம்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய விளையாட்டு முடிவுப் பட்டியல் எதுவாவது கையில் கிடைத்தால், அதை எக்செல்லில் ஏற்றி, பட்டியலில் இல்லாத ஒரு விவரத்தை நானாகச் சேர்த்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அது வயசாகத்தான் இருக்கும். பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறென்ன செய்வான்?

அப்படி 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நீச்சல் முடிவுகளை ஏற்றியபோது இரண்டு வரிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன.

ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி. தங்கம்: டிக் ராத், அமெரிக்கா. நேரம் 4:45.4, உலக சாதனை. வயசு 17.

பெண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி. தங்கம்: டோனா டி வரோனா, அமெரிக்கா. நேரம் 5:18.7. வயசு 17.

தனிநபர் மெட்லி என்றால் ஒரே ஆள் நாலு வகை நீச்சலையும் வரிசையாக நீந்த வேண்டும். பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல், ஒவ்வொன்றும் 100 மீட்டர். நீச்சலில் சகலகலா வல்லமைக்கான பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக்ஸில் இந்த 400 மீட்டர் பந்தயம் சேர்க்கப்பட்டதே 1964-ல்தான். அதில் முதல் தங்கம் வாங்கிய பையனும் பெண்ணும் ஒரே நாடு, ஒரே வயசு. இன்னும் தோண்டினால் இருவரும் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா நீச்சல் கிளப்பைச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஜார்ஜ் ஹெய்ன்ஸ்.

இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு வரிகள் கிடைத்தால் புரோகிராமர் புத்தி சும்மா இருக்காது. உள்ளே போன விவரம் ஒன்றேதான், வெளியே வந்த விடை மட்டும் ஏன் வேறு வேறு? அடுத்த நாலு வருஷத்தில் இந்த இருவருக்கும் என்ன ஆனது என்று தேடினேன். ராத் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே நீந்தினார். அவர் காலத்தில், 1967-ல், ஸ்டான்ஃபோர்டு தன் முதல் தேசியக் கல்லூரி நீச்சல் பட்டத்தை வென்றது. டோனா 1965-ல் போட்டியிலிருந்து விலகிவிட்டார். 18 வயசை ஒட்டி ஓய்வு!

காயம் இல்லை. தோல்வியும் இல்லை. டோக்கியோவில் இரண்டாவதாக வந்தவரை ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் விட்டு ஜெயித்தவர். ரிலேயில் இன்னொரு தங்கம் வேறு. அப்புறம் ஏன்?

அந்த "ஏன்" பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சாண்டா கிளாரா என்னும் தொழிற்சாலை

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் அழைக்கும் பகுதியில் இருக்கிறது சாண்டா கிளாரா. 1950-களில் அது பழத்தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் நீச்சல் பயிற்சியாளராக இருந்த ஹெய்ன்ஸ், 1951-ல் ஒரு கிளப்பை ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்குள் அமெரிக்க நீச்சலின் தலைநகரம் என்று சொல்லுமளவுக்கு அது வளர்ந்துவிட்டது. திறமையுள்ள பிள்ளைகள் வேறு ஊர்களிலிருந்து கிளம்பி அங்கே வந்து சேர்ந்தார்கள். டான் ஷாலண்டர் ஆரிகான் மாநிலத்திலிருந்து, 16 வயசை ஒட்டி, வீட்டை விட்டு வந்தவர். 14 வயசு மார்க் ஸ்பிட்ஸுக்காக அவர் குடும்பமே சாண்டா கிளாராவுக்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்க நீச்சல் அமைப்பின் படிக்கட்டு இப்படி: சின்ன வயசில் ஊர் கிளப். பிறகு உயர்நிலைப் பள்ளி அணி. பள்ளி முடிக்கும்போது கல்லூரிப் பயிற்சியாளர்கள் தேடிவந்து அழைப்பார்கள். கல்லூரியில் நாலு வருஷம்: இலையுதிர் காலத்தில் தொடங்கி, குளிர்காலம் முழுக்க மற்றக் கல்லூரிகளோடு நேருக்கு நேர் மோதல்கள், பிறகு வட்டாரப் போட்டி, மார்ச் மாதம் தேசியப் போட்டி. குளம் 50 மீட்டர் அல்ல, 25 கஜம். சுவரைத் தொட்டுத் திரும்பும் வேகத்துக்கு அங்கே தனி மதிப்பு. ஒவ்வொருவரும் வாங்கும் இடத்துக்குப் புள்ளிகள். எல்லோருடைய புள்ளியையும் கூட்டினால்தான் அணிக்குப் பட்டம்.

இதை மேலோட்டமாகப் பார்த்தால் "காலேஜ் ஸ்போர்ட்ஸ்" என்று தாண்டிப் போய்விடுவோம். ஆனால் அந்தக் காலத்தில் அது வெறும் போட்டி இல்லை, வாழ்வாதாரம். ஏனென்றால் ஒலிம்பிக்ஸ் அமெச்சூர் விதியின்படி நீச்சலில் ஒரு காசு சம்பாதித்தாலும் தகுதி போய்விடும். பரிசுப் பணம் கூடாது, விளம்பரம் கூடாது, சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவதும் கூடாது. அப்படியானால் 18 வயசுக்கு மேல் ஒருவர் தினமும் நாலைந்து மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டுமென்றால், சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் யார் கொடுப்பது? அப்பா அம்மா எத்தனை வருஷம் கொடுப்பார்கள்? அதற்கு அமெரிக்கா கண்டுபிடித்த விடைதான் பல்கலைக்கழகம். குளம் இருக்கும், கோச் இருப்பார், கூட நீந்த ஆட்கள் இருப்பார்கள், பல இடங்களில் படிப்புச் செலவும் உதவித்தொகையாகக் கிடைக்கும். பட்டம் வாங்கிக்கொண்டே பதக்கத்துக்கும் உழைக்கலாம்.

அற்புதமான ஏற்பாடு, இல்லையா? ஒரே ஒரு சிக்கல். அது பசங்களுக்கு மட்டும்.

பையன்கள் போன வழி

டோக்கியோவில் நாலு தங்கம் வென்ற ஷாலண்டர் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கல்லூரியை முடித்த 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்குப் போய் ரிலேயில் ஒரு தங்கமும் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெள்ளியும் வாங்கினார். யேல் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1969-ல்தான். டோனா ஆசைப்பட்டிருந்தாலும் விண்ணப்பம்கூடப் போட்டிருக்க முடியாது.

இந்த நாலு வருஷம் ஒரு நீச்சல்காரரை என்ன செய்யும் என்பதற்கு மார்க் ஸ்பிட்ஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. சாண்டா கிளாரா உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1967 பான் அமெரிக்கப் போட்டிகளில் 5 தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோவுக்குப் போகும்போது ஆறு தங்கம் வாங்குவேன் என்று வாயைவிட்டார். கிடைத்தது ரிலேயில் இரண்டு தங்கம். தனிப் போட்டிகளில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். உலக சாதனை அவர் பெயரில் இருந்த 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் எட்டுப் பேரில் எட்டாவது. அதை வென்ற கார்ல் ராபிக்கு வயசு 23. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நீந்தியவர்.

ஸ்பிட்ஸுக்கு அப்போது 18. கதை அங்கே முடிந்திருந்தால் "வாய்ச்சொல் வீரன்" என்று ஒரு அடிக்குறிப்பில் இருந்திருப்பார். ஆனால் அவருக்கு இண்டியானா பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன். எல்லோரும் அவரை "டாக்" என்று கூப்பிடுவார்கள். நீச்சலின் இயக்கவியலை நீருக்கடியில் படம் பிடித்து ஆராய்ந்தவர். 1968 முதல் 1973 வரை ஆறு வருஷம் தொடர்ந்து இண்டியானாதான் தேசிய சாம்பியன். அந்தக் கூட்டத்தின் நடுவே, பல் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் படித்துக்கொண்டு, ஸ்பிட்ஸ் 8 தனிநபர் கல்லூரிப் பட்டங்கள் வென்றார். 1972 மியூனிக்கில் 7 தங்கம், ஏழும் உலக சாதனை. அதில் முதல் தங்கம் எதில் தெரியுமா? மெக்சிகோவில் கடைசியாக வந்த அதே 200 மீட்டர் பட்டர்ஃபிளையில்.

18-க்கும் 22-க்கும் நடுவே இருந்தது அந்த நாலு வருஷம்.

பெண்கள் போன வழி

இப்போது அதே கிளப், அதே கோச், பெண்கள் வரிசை.

கிறிஸ் வான் சால்ட்ஸா. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் 3 தங்கம், ஒரு வெள்ளி. வயசு 16. பள்ளி முடித்து ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார், போட்டி நீச்சலை விட்டார். ஆண்கள் அணிக்கு நிகரான பெண்கள் அணி அங்கே அப்போது இல்லை. சில வருஷம் கழித்து டிக் ராத் சேர்ந்ததும் இதே ஸ்டான்ஃபோர்டுதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டோனா டி வரோனா. 13 வயசில், 1960 ரோம் போட்டிக்குப் போன அமெரிக்க அணியிலேயே மிக இளையவர். அதே வருஷம் 400 மீட்டர் மெட்லியில் உலக சாதனையும் வைத்திருந்தார். ஆனால் அது அப்போது ஒலிம்பிக்ஸ் பந்தயமே இல்லை. நாலு வருஷம் காத்திருந்து 1964-ல் வென்றார், பள்ளிப் பருவத்தை விட்டு வெளியே வந்ததும் நின்றார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்தார். அங்கே ஆண்களுக்கு நீச்சல் அணி இருந்தது. பெண் ஒலிம்பிக் சாம்பியனுக்குத் தர அவர்களிடம் உதவித்தொகை இல்லை.

கிளாடியா கோல்ப். 1964-ல் 14 வயசில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் வெள்ளி. 1968-ல் 200, 400 மீட்டர் மெட்லி இரண்டிலும் தங்கம். வயசு 18. அத்தோடு ஓய்வு.

சாண்டா கிளாராவுக்கு வெளியேயும் இதே கதைதான். சாக்ரமெண்டோவின் டெபி மேயர் 1968-ல், 16 வயசில், 200, 400, 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் தங்கம் வென்றவர். ஒரே ஒலிம்பிக்ஸில் தனிநபர் நீச்சலில் மூன்று தங்கம் வென்ற முதல் பெண். 1972 மியூனிக்குக்கு முன்பே, 19 வயசில், விலகிவிட்டார்.

ஒவ்வொருவருக்கும் சொந்தக் காரணங்கள் இருந்திருக்கும். சலிப்பு, காதல், படிப்பு, உடம்பு வலி, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றால், அது அந்த நாலு பேரின் மனசைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. அங்கே பாலம் இல்லை என்பதைப் பற்றிய செய்தியும்தான்.

பதினாறு வயசு உச்சம் என்ற நம்பிக்கை

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான விஷயம் ஒன்று பிடிபட்டது. அந்தக் காலத்தில் பெண் நீச்சல்காரர்களைப் பற்றிப் பரவலாக ஒரு கருத்து இருந்தது: பெண்கள் 16, 17-ல் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள், அப்புறம் உடம்பு மாறிவிடும், வேகம் குறையும். இதற்கு "ஆதாரம்" பதக்கப் பட்டியலிலேயே இருந்தது. டோக்கியோவில் பெண்கள் 400 மீட்டர் மெட்லியில் மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கு. மூவரின் வயசு 17, 18, 16. பார்த்தீர்களா, சின்னப் பெண்கள்தான் ஜெயிக்கிறார்கள்!

சர்வர் லாக் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தப்பு உடனே புரியும். ஒரு லாக் கோப்பு ராத்திரி பத்து மணியோடு நின்றுபோயிருக்கிறது. அதை வைத்து "பத்து மணிக்கு மேல் யாரும் தளத்துக்கு வருவதில்லை" என்று அறிக்கை எழுதினால் எப்படி? பத்து மணிக்கு டிஸ்க் நிரம்பி, எழுதுவது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். பெண்கள் 18-ல் நிற்கிறார்கள். அதனால் 18-க்கு மேற்பட்ட பெண்களின் நேரங்கள் பட்டியலில் மிகக் குறைவு. அதனால் 18-க்கு மேல் அவர்களால் முடியாது என்ற முடிவு. அந்த முடிவைக் காட்டி, "எப்படியும் நிற்கப் போகிறவர்களுக்கு உதவித்தொகை எதற்கு?" என்ற கேள்வி. வட்டம் பூர்த்தியாகிவிட்டது.

பள்ளியிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பையன்கள் 36 லட்சத்துக்கு மேல். பெண்கள் 2,94,015. பன்னிரண்டு பையனுக்கு ஒரு பெண். நாடு முழுக்கக் கல்லூரி அணிகளில் இருந்த பெண்கள் சுமார் 30,000 பேர்தான்.

37 சொற்கள்

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பிரிவைத்தான் "டைட்டில் நைன்" என்கிறார்கள். அதன் மைய வாசகம் ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் விலக்கக்கூடாது, பாகுபாடு காட்டக்கூடாது என்பது சாரம். நாடாளுமன்றத்தில் இதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள் ஈடித் கிரீன், பாட்ஸி மிங்க், செனட்டர் பர்ச் பை.

அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் பெண்களுக்கு இடம் மறுக்கப்படுவதுதான் அப்போது பலர் மனதில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து மியூனிக்கில் ஸ்பிட்ஸ் 7 தங்கம் வாங்கியபோது, அமெரிக்க நீச்சலை அடியோடு மாற்றப்போகும் காரியம் ஏற்கனவே வாஷிங்டனில் நடந்து முடிந்துவிட்டது என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது.

அடுத்து நடந்தது நேர்கோட்டில் போகவில்லை. முதல் தடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெண்கள் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற அமைப்பு. பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாக்கியது. அவர்களே உதவித்தொகையைத் தடை செய்திருந்தார்கள்! ஆண்கள் கால்பந்தில் ஆள்பிடிக்கும் அசிங்கங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சீர்கேடு பெண்கள் பக்கம் வரக்கூடாது என்று நினைத்தார்கள். நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாணவிகள். 1973-ல் ஃபுளோரிடாவில் டென்னிஸ் வீராங்கனைகளும் அவர்கள் கல்லூரியைச் சேர்ந்த ஃபெர்ன் லீ கெல்மேயரும் வழக்குப் போட்ட பிறகுதான் அந்த விதி தளர்ந்தது. அதே வருஷம் மயாமி பல்கலைக்கழகம் கோல்ஃப், டென்னிஸ், டைவிங், நீச்சலில் 15 பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. டோனா ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாவது தடை எதிர்பார்த்த இடத்திலிருந்தே வந்தது. வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று 1974-ல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர் திருத்தம் கொண்டுவந்தார். நேரடியாகச் சொன்னால், ஆண்கள் கால்பந்துக்கு விலக்கு. அது கடைசியில் கைவிடப்பட்டது. 1975-ல் விளையாட்டுக்கான விதிமுறைகள் வந்தன. கல்லூரிகளுக்கு 1978 வரை அவகாசம்.

இந்தக் காலத்தில் டோனா எங்கே இருந்தார்? 1965-லேயே ஏபிசி தொலைக்காட்சியில் நீச்சல் வர்ணனையாளராகிவிட்டார். அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியின் முதல் பெண் விளையாட்டு வர்ணனையாளர் என்று அவரைச் சொல்வார்கள். கையில் மைக் கிடைத்துவிட்டது, வேலை நன்றாகப் போகிறது என்று இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் அவர் வாஷிங்டன் படிகளில் ஏறி இறங்கினார். டைட்டில் நைன் நீர்த்துப்போகாமல் இருக்க நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார். அதிபர் ஃபோர்டு அமைத்த ஒலிம்பிக் விளையாட்டுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அந்தக் குழுவின் வேலைதான் 1978 அமெச்சூர் விளையாட்டுச் சட்டத்துக்கு அடித்தளம். பில்லி ஜீன் கிங் தொடங்கிய பெண்கள் விளையாட்டு அறக்கட்டளைக்கு 1979-ல் முதல் தலைவரானார். தனக்கு இனி எந்தப் பலனும் தராத ஒரு பாலத்துக்குக் கல் சுமந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே பந்தயம், இருபது வருஷம் கழித்து

அந்தப் பாலம் வேலை செய்ததா என்று எப்படிச் சோதிப்பது? அதே பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 400 மீட்டர் மெட்லி.

டிரேசி கால்கின்ஸ், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் ஊர்ப் பெண். பள்ளி மாணவியாக இருக்கும்போதே, 1978 பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில், 15 வயசில், 5 தங்கம், ஒரு வெள்ளி. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் அவருடைய ஒலிம்பிக்ஸாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அந்தப் போட்டியைப் புறக்கணித்தது. கால்கின்ஸ் வீட்டில் இருந்தார்.

அப்போது அவருக்கு வயசு 17. டோனா தங்கம் வென்ற அதே வயசு.

இவர் டோனாவின் தலைமுறையில் பிறந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். பள்ளி முடிந்தது, கல்லூரியில் அணி கிடையாது, போய்வருகிறேன். ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லாமல். ஆனால் கால்கின்ஸ் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1982-ல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்காக நடத்திய முதல் நீச்சல் சாம்பியன்ஷிப்பை ஃபுளோரிடா வென்றது. அந்த அணியின் முதுகெலும்பு அவர்தான்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். 1982 உலக சாம்பியன்ஷிப்பில் அவருக்குத் தங்கமே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் பெட்ரா ஷ்னைடர் அவரை வெகுதூரம் தாண்டிப் போய்விட்டார். தன் நாட்டு அமைப்பு கொடுத்த ஊக்க மருந்து பற்றி ஷ்னைடர் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். ஆனால் 1982-ல் அது தெரியாது. 19 வயசு, வேகம் போதவில்லை, "உச்சம் முடிந்துவிட்டது" என்று சொல்ல எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் போக ஒரு குளம் இருந்தது, அங்கே ஒரு கோச்சும் அணியும் இருந்தார்கள்.

1984 லாஸ் ஏஞ்சலஸ். பெண்கள் 400 மீட்டர் மெட்லி. தங்கம்: டிரேசி கால்கின்ஸ். 4:39.24. வயசு 21. கூடவே 200 மீட்டர் மெட்லியிலும் மெட்லி ரிலேயிலும் தங்கம். கிழக்கு ஜெர்மனி அந்த முறை வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 4:39.24 கடிகாரம் காட்டிய நேரம். 1978-ல், 15 வயசில், அவர் வைத்த சொந்த உலக சாதனையைவிட வேகமானது.

ஒன்று கவனித்தீர்களா? டிக் ராத் 1964-ல் உலக சாதனையாக வைத்த 4:45.4-ஐவிட இது ஆறு விநாடி குறைவு. இருபது வருஷத்தில் பயிற்சி முறை, குளம், நீச்சல் கண்ணாடி எல்லாமே மாறிவிட்டன, அதனால் இருவரையும் மோதவிடுவது நியாயமில்லை. ஆனாலும் 16 வயசில் உச்சம் தொட்டு முடிந்துவிடும் என்று சொல்லப்பட்ட உடம்பு இது.

ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்புவோம்

வான் சால்ட்ஸாவுக்கு அணி இல்லாத ஸ்டான்ஃபோர்டு என்ன ஆயிற்று? 1980-ல் அதன் பெண்கள் அணி ஏஐஏடபிள்யூ தேசியப் பட்டத்தை வென்றது. பயிற்சியாளர் யார் தெரியுமா? 18 வயசில் இரண்டு தங்கத்தோடு நின்றுபோன அதே கிளாடியா கோல்ப். 1983-ல் ஸ்டான்ஃபோர்டு பெண்கள் மறுபடியும் தேசிய சாம்பியன். இந்த முறை பயிற்சியாளர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ். டோனாவையும் கோல்பையும் வான் சால்ட்ஸாவையும் செதுக்கி, பள்ளி முடிந்ததும் அனுப்பிவைக்க இடமில்லாமல் நின்ற அதே மனிதர்.

இதைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கதையை இங்கே சுபம் போட்டு முடித்தால் பொய்யாகிவிடும். பெண்கள் விளையாட்டு ஆண்களின் சங்கத்துக்குள் போனதும் ஏஐஏடபிள்யூ 1982-ல் செத்துப்போனது. 1972-ல் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். பணமும் சம்பளமும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்னொரு பக்கம், 1994-ல் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் தன் ஆண்கள் நீச்சல் அணியையே கலைத்தது. 12 வருஷம் முன்பு தேசிய சாம்பியனாக இருந்த அணி அது. டைட்டில் நைன்மேல் பழி விழுந்தது. கால்பந்துக்குப் போகும் பணத்தில் கைவைக்க மனசில்லாமல், சின்ன விளையாட்டுகளை வெட்டிவிட்டுச் சட்டத்தைக் கைகாட்டினார்கள் என்பது எதிர்வாதம். என் சாய்வு இரண்டாவது பக்கம். ஆனாலும் அந்த வருஷம் அணியை இழந்த பையன்களுக்கு வாதம் ஆறுதல் தராது. 1965-ல் டோனா நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

கடைசியாக ஒரு வரி

என் எக்செல் பட்டியலின் அடியில் இப்போது கேட்டி லெடெக்கி இருக்கிறார். 15 வயசில், பள்ளி மாணவியாக, 2012 லண்டனில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம். பிறகு ஸ்டான்ஃபோர்டு, இரண்டு பருவத்தில் 8 கல்லூரிப் பட்டங்கள். 2024 பாரிஸில் அதே 800 மீட்டரில் தொடர்ந்து நாலாவது தங்கம், 27 வயசில். 2025 மே மாதம், 19 வயசில் தான் வைத்த 8:04.79 என்ற உலக சாதனையை 8:04.12 என்று தானே உடைத்தார். அப்போது வயசு 28.

லாக் கோப்பு இப்போது பத்து மணியோடு நிற்பதில்லை. அதனால் பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று தெரிகிறது.

டோனாவின் 5:18.7-க்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு வைத்திருக்கிறேன். 1968, வயசு 21 என்று மட்டும் போட்டிருக்கிறேன். அந்த வருஷம் அவர் எவ்வளவு வேகமாக நீந்தியிருப்பார் என்று கணக்குப் போட ஃபார்முலா எழுதிவிடலாம், நம் தொழிலே அதுதான். எழுதவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் சரியான தகவல்.